ஸ்பிரிங் மேல் போட்ட பழி: ஒரு ராலி கார், இரண்டு பரப்பு, ஐந்து மாதம்

மண் பாதையில் நாங்கள் இறங்கிய முதல் ராலி, நேரம் கணக்கிட்டு ஓட்டும் பகுதிகளில் மூன்றாவதோடு, அதாவது மூன்றாவது ஸ்டேஜோடு முடிந்தது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் டேம்பர்களில் முன்பக்க இடது டேம்பரின் தண்டு வளைந்து, அதன் தலையைத் தாங்கும் மேல் மவுண்ட் பிய்ந்து, பானெட்டின் அடித்தகட்டில் முட்டிக்கொண்டு நின்றது. இழுவை வண்டியில் திரும்பி வந்த காரைச் சுற்றி நின்று ஆளாளுக்கு எட்டிப் பார்த்தோம். ஐந்து நிமிடத்தில் தீர்ப்பும் எழுதிவிட்டோம்: ஸ்பிரிங் மென்மையாக இருக்கிறது, இன்னும் கடினமானது வேண்டும். அந்தத் தீர்ப்பைத் திருத்தி எழுத ஐந்து மாதம் ஆனது. இடையில் தேவையே இல்லாத ஒரு ஜோடி ஸ்பிரிங் வாங்கினோம். அது இன்னும் அலமாரியில் எண்ணெய்த் தாள் சுற்றியபடி இருக்கிறது.

அணியில் என் வேலை அளவெடுப்பது, குறித்து வைப்பது, டேம்பர்களைக் கழற்றி மாட்டுவது. ஆகவே கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் என்னுடையவை.

காரும் கையிருப்பும்

முன்சக்கர இழுவை கொண்ட 1.6 லிட்டர் ஹேட்ச்பேக். ஓட்டுநர், நேவிகேட்டர், பாதி டேங்க் எரிபொருள் எல்லாம் சேர்த்துத் தராசில் 1180 கிலோ. அதில் 62 சதவீதம் முன் அச்சின் மேல் விழுகிறது. சக்கரம், பிரேக், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் போன்று சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் பாகங்களின் எடையைக் கழித்தால், முன்பக்க ஸ்பிரிங் ஒவ்வொன்றும் தாங்குவது ஏறத்தாழ 330 கிலோ. முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட்: ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தூணாகச் சேர்ந்து சக்கரத்தைத் தாங்கும். பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம்.

இரண்டு ஆண்டுகள் தார்ச்சாலை ராலிகளில் ஓடிய கார் இது. முன்பக்கம் 60 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங் (ஒரு மி.மீ. அமுங்க 60 நியூட்டன் விசை கேட்பது), மொத்தம் 130 மி.மீ. நகரும் டேம்பர். கார் தரையில் நிற்கும்போது அந்த 130இல் மேல்நோக்கி அமுங்க 75 மி.மீ., கீழ்நோக்கித் தொங்க 55 மி.மீ. இருந்தது. இந்தக் கீழ்நோக்கிய பங்கைத் தொங்கல் என்று சொல்லிவிடுகிறேன். கதை முழுக்க அது வரும்.

தார்ச்சாலையில் இந்த அமைப்பின் மேல் எங்களுக்குக் குறையே இல்லை. அங்கே டயருக்குப் பிடிப்பு அதிகம். வளைவில் கார் சாய்வதும் அதிகம். சாய்ந்தால் டயரின் கேம்பர், அதாவது அது தரையில் நிற்கும் சாய்வுக் கோணம், கெடும். அதனால் காரைத் தாழ்த்தி, ஸ்பிரிங்கைக் கடினமாக்கி, சாய்வைத் தடுக்கும் ஆன்டி ரோல் பாரைத் தடிப்பாக்கி, முன்சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும்படி மூன்று டிகிரி நெகட்டிவ் கேம்பர் கொடுத்திருந்தோம். பாதை சமமாக இருக்கும்வரை 130 மி.மீ. தாராளம்.

மண் ராலிக்குப் பெயர் கொடுத்தபோது நாங்கள் செய்த ஏற்பாடு ஒன்றே ஒன்றுதான். டேம்பர் உடம்பில் மரை வெட்டியிருக்கும். ஸ்பிரிங் இருக்கையைத் திருகினால் கார் உயரும். 30 மி.மீ. உயர்த்தினோம். எஞ்சினைக் கீழிருந்து காக்கும் தகடு மாட்டினோம். மண் டயர் போட்டோம். காருக்கு அடியில் கை தாராளமாக நுழைந்தது. எல்லோருக்கும் திருப்தி.

அந்தத் திருகலில் என்ன நடந்தது என்பதை அப்போது யாரும் காகிதத்தில் போட்டுப் பார்க்கவில்லை. டேம்பரின் மொத்த நீளம் மாறவில்லை. மேலே கிடைத்த 30 மி.மீ. கீழே இருந்து எடுக்கப்பட்டது. 55 மி.மீ. தொங்கல் 25 ஆகிவிட்டது. சற்றுப் பெரிய குழி வந்தால் சக்கரம் அதற்குள் இறங்க முடியாது. கார் அந்தரத்தில் ஒரு கணம் மூன்று சக்கரத்தில் ஓடும். வளைவில் உள்சக்கரம் மண்ணை விட்டுத் தூக்கிக்கொள்ளும்; இழுவை அங்கேதான் இருக்கிறது என்பதால் எஞ்சின் கத்தும், கார் நகராது.

ஓட்டுநர் சொன்னதும் நாங்கள் கேட்டதும்

முதல் இரண்டு ஸ்டேஜ் முடிந்து வந்த ஓட்டுநர் சொன்னது: கார் வழுக்குகிறது, ஸ்டியரிங் கையில் கனமே இல்லை, மேடு தாண்டினால் கீழிருந்து டங்கென்று உலோகச் சத்தம் வருகிறது, வரிவரியாகக் கிடக்கும் மேடுகளில் கார் தானாக அகலப் போகிறது.

வார்த்தை வார்த்தையாகப் பார்த்தால் நான்கும் தொங்கல் போதாததன் அறிகுறிகள். அந்த டங் சத்தம் டேம்பர் கீழ் எல்லையில் இழுபட்டு முட்டும் சத்தம். நாங்கள் அதை மேல் எல்லையில் முட்டும் சத்தம் என்று எடுத்துக்கொண்டோம். துள்ளுகிறது என்றால் ரீபவுண்டை, அதாவது டேம்பர் திரும்ப நீளும்போது தரும் தடையை, இறுக்க வேண்டும் என்பது எங்கள் கைப்பழக்கம். அதன் திருகு முழுக்க மூடிய நிலையிலிருந்து 12 கிளிக் திறந்திருந்ததை 4 கிளிக்குக்குக் கொண்டுவந்தேன்; எண் குறைந்தால் பிடி இறுகும். மூன்றாவது ஸ்டேஜின் ஏழாவது கிலோமீட்டரில், வரிமேட்டைத் தொடர்ந்து வந்த ஒரு முகட்டில், மவுண்ட் போனது.

அப்புறம் வாங்கியதுதான் அந்த 70 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங். புதிய மவுண்ட், நேராக்கிய ஸ்ட்ரட், புதிய ஸ்பிரிங் என்று மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள மூடிய மண் பாதையில் சோதனைக்குப் போனோம். ஓட்டுநருக்கு முதுகு வலித்தது. நேவிகேட்டரால் குறிப்பேட்டில் எழுத்தைப் பிடிக்க முடியவில்லை. நேரமும் குறையவில்லை. டேம்பர் தண்டில் நாங்கள் கட்டிவைத்த பிளாஸ்டிக் கேபிள் டை, ஒவ்வொரு சுற்றிலும், மேல் எல்லையில் இருக்கும் தடுப்பு ரப்பர்வரை தள்ளப்பட்டே திரும்பியது.

இந்தக் கேபிள் டை உத்தி எல்லோரும் செய்வது. செலவில்லாதது, பொய் சொல்லாதது. ஆனால் அது சொல்வது ஒரே ஒரு சேதி: அதிகபட்சம் எவ்வளவு தூரம் அமுங்கியது என்பது. எங்கே அமுங்கியது, எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது, எத்தனை நேரம் அங்கே இருந்தது என்று அதற்குத் தெரியாது. நாங்கள் கேட்ட கேள்வி ஒன்று, அது சொன்ன பதில் வேறொன்று.

அன்று மாலை எங்கள் மூத்த மெக்கானிக் காரை ஜாக்கியில் ஏற்றி இறக்கிக்கொண்டே ஓட்டுநரைக் கூப்பிட்டார்.

“தம்பி, சக்கரம் தரையை விட்டு எழும்பும்போது பார். எவ்வளவு தொங்குகிறது?”

“இரண்டு விரல் அளவு இருக்கும், அண்ணே.”

“இரண்டு விரலை வைத்துக்கொண்டு மண்ணில் ஓட்டலாம் என்று உனக்கு யார் சொன்னது?”

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பதில் சொல்லவில்லை.

சென்சார் காட்டிய படம்

அடுத்த சோதனைக்கு, டேம்பருக்கு இணையாக மாட்டி அதன் நீளத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை பதியும் சென்சார் இரண்டை இரவல் வாங்கி வந்தோம். ஸ்பிரிங்கை மீண்டும் 60க்கு மாற்றிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ராலியில் இருந்தபடியே வைத்தோம். பாதையில் ஏறத்தாழ 200 மீட்டருக்கு வரிமேடு இருந்தது. டேப் வைத்து அளந்ததில் ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் சராசரி 75 செ.மீ.

வரைபடத்தைக் கணினியில் திறந்தபோது கோடு படிக்கட்டு மாதிரி இறங்கியது. வரிமேட்டில் நுழையும்போது டேம்பர் தன் இயல்பான நிலையைச் சுற்றி ஆடுகிறது. ஒவ்வொரு மேட்டிலும் அமுங்குகிறது, ஆனால் திரும்பி முழுக்க நீளாமலே அடுத்த மேட்டில் அகப்படுகிறது. 200 மீட்டர் முடியும்போது சராசரி நிலை 31 மி.மீ. கீழே போய்விட்டது. அதாவது கார் தன்னைத்தானே தாழ்த்திக்கொண்டு ஓடியிருக்கிறது. அந்த நிலையில் ஒரு முகட்டில் இறங்கினால் ரப்பரில் முட்டாமல் என்ன செய்யும்? மவுண்ட் பிய்ந்ததும் வரிமேட்டுக்கு அடுத்த முகட்டில்தான்.

கணக்கு எளிது. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். 75 செ.மீ. இடைவெளியில் நொடிக்கு 22 மேடு. ஒரு மேட்டிலிருந்து அடுத்ததற்கு 45 மில்லிநொடி. அதில் பாதி ஏறுவதற்குப் போனால், சக்கரம் திரும்ப இறங்க இருப்பது 22 மில்லிநொடி. அந்த நேரத்தில் 20 மி.மீ. இறங்க வேண்டுமானால் தண்டு நொடிக்கு 0.9 மீட்டர் வேகத்தில் நீள வேண்டும். சக்கரத்தைக் கீழே தள்ளுவது ஸ்பிரிங் மட்டும்தான்; ரீபவுண்ட் அதைப் பிடித்து இழுக்கிறது. நான் 4 கிளிக்குக்கு இறுக்கியது அந்தப் பிடியைத்தான்.

ரீபவுண்டை 14 கிளிக்குக்குத் திறந்து மறுபடி ஓட்டினோம். அதே 200 மீட்டரில் சராசரி 6 மி.மீ. மட்டும் இறங்கியது. வழுக்கல் குறைந்ததாக ஓட்டுநர் சொன்னார். ஒரு பைசா செலவில்லாமல் பாதி நோய் தீர்ந்தது. கேட்டால் வெட்கமாக இருக்கும், ஆனால் உண்மை அதுதான்.

வரிமேட்டில் வேகமாகப் போனால் குலுக்கல் குறைவதைப் பலர் கவனித்திருப்பார்கள். சக்கரத்துக்கும் டயரின் காற்றுக்கும் சேர்ந்து ஓர் இயல்பான அதிர்வு எண் உண்டு. எங்கள் காரில் அது நொடிக்கு 13 முறைக்குப் பக்கத்தில் வருகிறது. இந்த இடைவெளிக்கு அது மணிக்கு 35 கிலோமீட்டர். அந்த வேகத்தில்தான் குலுக்கல் மிக மோசமாக இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் சக்கரம் மேட்டு நுனிகளைத் தொட்டுக்கொண்டே போகும். குலுக்கல் குறைவது பிடிப்பு கூடியதன் அடையாளம் இல்லை. நுனியை மட்டும் தொடும் டயருக்கு ஸ்டியரிங்கோ பிரேக்கோ பாதிதான் கேட்கும்.

முகடு என்ற மீதி நோய்

ரீபவுண்டைத் திறந்த பிறகும் முகட்டில் இறங்கும்போது ரப்பரில் முட்டுவது நிற்கவில்லை. இங்கேதான் ஸ்பிரிங் பற்றிய எங்கள் நம்பிக்கை உடைந்தது. அதை உடைத்தது பள்ளிக்கூட இயற்பியல்.

கார் 40 செ.மீ. உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ராலியில் இது பெரிய தாவல் இல்லை. 2003இல் ஃபின்லாந்தின் ஓயுனின்போயா ஸ்டேஜில் மார்க்கோ மார்ட்டின் 57 மீட்டர் தூரம் பறந்தார், மணிக்கு 171 கிலோமீட்டர் வேகத்தில். நம்முடையது ஏதோ ஒரு குட்டித் தாவல். சக்கரம் தரையைத் தொடும் கணத்தில் காரின் உடல் நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் கீழே வருகிறது. ஒரு முன்பக்க மூலையின் 330 கிலோவை நிறுத்த வேண்டும். 40 செ.மீ. விழுந்ததன் ஆற்றல் 1295 ஜூல். நிறுத்திக்கொண்டிருக்கும்போதே புவியீர்ப்பும் தொடர்ந்து தள்ளுகிறது, 130 மி.மீ. பயணத்தில் (டேம்பர் நகரும் தூரத்தில்) அது இன்னொரு 421 ஜூல். மொத்தம் 1716.

இதில் 60 நியூட்டன் ஸ்பிரிங், 30 மி.மீ. உயர்த்திய நிலையில், முழுத் தொங்கலிலிருந்து ரப்பர்வரை அமுங்கும்போது வாங்கிக்கொள்வது ஏறத்தாழ 707 ஜூல். நாங்கள் வாங்கிய 70 நியூட்டன் ஸ்பிரிங் வாங்கிக்கொள்வது 756. அந்த ஜோடி ஸ்பிரிங் எங்களுக்குக் கொடுத்தது மூலைக்கு 49 ஜூல். தேவை 1716.

அடுத்த வரிதான் என்னை அதிகம் உறுத்தியது. ஒரு பொருளை ஒரு தூரத்துக்குள் நிறுத்தச் சராசரியாக எவ்வளவு விசை வேண்டும் என்பது ஆற்றலைத் தூரத்தால் வகுத்தால் வரும். 1716ஐ 0.13ஆல் வகுத்தால் 13,200 நியூட்டன். அவ்வளவு விசையும் மேல் மவுண்ட் வழியாகத்தான் காரின் உடலுக்குப் போகிறது. ஸ்பிரிங் கடினமா மென்மையா என்ற கேள்வி இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. வருவது பயணத்தின் நீளம் மட்டும். அதே தாவலை 200 மி.மீ. நகரும் டேம்பரில் இறக்கினால், புவியீர்ப்பின் கூடுதல் பங்கையும் சேர்த்து, சராசரி 9,700 நியூட்டன். டயர் தன் பங்குக்கு வாங்கிக்கொள்வதை இரண்டிலும் விட்டுவிட்டேன், ஒப்பீடு மாறாது.

200 மி.மீ. பயணத்தில் 35 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங் போட்டால் அது வாங்கிக்கொள்வது 744 ஜூல். 130 மி.மீ.யில் 60 நியூட்டன் ஸ்பிரிங் வாங்கியதைவிட அதிகம். கடினம் ஏறக்குறைய பாதிதான், ஆனால் கூடுதல் வேலை செய்கிறது.

எதைத் தேர்ந்தெடுத்தோம், எதை விட்டோம்

எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. பழைய டேம்பரையே பிரித்து உள்ளே இருக்கும் வால்வுத் தகடுகளை மாற்றி மண்ணுக்கு ஏற்ப அமைக்கலாம். செலவு குறைவு, ஆனால் நீளம் 130தான். இரண்டு பரப்புக்கும் பொது என்று விற்கப்படும் இடைப்பட்ட நீள டேம்பர் வாங்கலாம். அல்லது மண்ணுக்கென்றே தனி செட்.

பொது செட் மேல் எனக்கு அப்போதும் நம்பிக்கை இல்லை, இப்போதும் இல்லை. உலக ராலியில் ஸ்பெயின் சுற்று 2010 முதல் சில ஆண்டுகள் முதல் நாள் மண், அப்புறம் தார் என்று நடந்தது. ஒரே இரவில் பரப்பு மாறியது. அணிகள் பொதுவான ஓர் அமைப்பைத் தேடவில்லை. ஸ்டேஜ்களுக்கு இடையே காரைப் பழுதுபார்க்கும் சர்வீஸில் கிடைத்த 75 நிமிடத்தில் சஸ்பென்ஷன், பிரேக், சக்கரம் எல்லாவற்றையும் கழற்றி மாற்றினார்கள். உலக ராலியில் உச்ச வகைக்கு அடுத்த நிலையான ராலி2 வகைக் கார்களில் மண்ணுக்கு 15 அங்குலச் சக்கரம், தாருக்கு 18 அங்குலம் என்பதும் அதே காரணம்தான். சிறிய சக்கரத்தில் டயரின் பக்கச்சுவர் உயரமாக இருக்கும். அதுவே ஒரு சிறிய ஸ்பிரிங். பெரிய சக்கரத்துக்குள் பெரிய பிரேக் போகும்.

முன்பக்கத்துக்குத் தனி மண் செட் என்று முடிவானது: 200 மி.மீ. பயணம், 35 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங், தனி எண்ணெய்க் கலம், கடைசி 40 மி.மீ.யில் எண்ணெயே தடுக்கும் ஹைட்ராலிக் பம்ப் ஸ்டாப். பின்பக்கத்துக்குப் பணம் மிச்சமில்லை. இருந்த டேம்பரை வால்வு மாற்றி, மென்மையான ஸ்பிரிங் போட்டு ஒப்பேற்றினோம்.

மெக்பெர்சன் அமைப்பில் டேம்பர் தண்டு அதிர்ச்சியை மட்டும் தாங்குவதில்லை. சக்கரம் பக்கவாட்டில் இடித்தால் வரும் வளைவு விசையும் அதன் மேல்தான். பழைய செட்டில் 22 மி.மீ. தடிமன் தண்டு; வளைந்ததில் ஆச்சரியமில்லை. புதிய செட் தலைகீழ் வகை: தடித்த உடம்பே வெளிக்குழாய்க்குள் புஷ்கள் என்ற சறுக்கு வளையங்களின் மேல் சறுக்கும், மெல்லிய தண்டு உள்ளே பத்திரமாக இருக்கும். அந்தப் புஷ்களுக்குக் கிரீஸ் வைக்க மறந்தால் ஸ்ட்ரட் இறுகிக்கொள்ளும். எந்த ஸ்பிரிங் போட்டாலும் கடினமாகத்தான் தெரியும். ஒவ்வொரு ராலிக்குப் பிறகும் கழற்றித் துடைத்துக் கிரீஸ் வைப்பது என் வேலை, இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

வாங்கிய கையோடு மாட்டி ஓட்டிவிடவில்லை. பட்ட பாடு அப்படி. ஸ்பிரிங் இல்லாமல் ஸ்ட்ரட்டை மட்டும் மாட்டி, சக்கரத்துக்கு அடியில் ஜாக்கி வைத்து, முழுத் தொங்கலிலிருந்து ரப்பர்வரை 10 மி.மீ. இடைவெளியில் ஏற்றிக்கொண்டே போனோம். ஒவ்வொரு படியிலும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டிரைவ் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்தோம். தொங்கல் 92 மி.மீ.யைத் தாண்டியதும், ஸ்டியரிங் முழுக்கத் திரும்பிய நிலையில், ஷாஃப்ட்டின் முனையில் மடங்கிச் சுற்றும் சிவி ஜாயின்ட் கட்டிக்கொண்டது, கைக்கே தெரிந்தது. ஆகவே தொங்கலை 85 என்று வரையறுத்து, மீதி 115ஐ அமுக்கத்துக்கு விட்டோம். இதைச் செய்யாமல் ஓட்டியிருந்தால் இரண்டாவது முகட்டில் ஷாஃப்ட் போயிருக்கும். அதற்கும் யாராவது ஸ்பிரிங் மேல் பழி போட்டிருப்போம்.

இன்னொன்று கழற்றினோம்: முன்பக்க ஆன்டி ரோல் பார். அது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் கட்டிப்போடுகிறது. தார்ச்சாலையில் கார் சாய்வதைத் தடுக்க அது வேண்டும். மண்ணில் ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அடுத்ததையும் தூக்குகிறது. சாய்ந்துவிடுமே என்று ஓட்டுநர் பயந்தார். மண்ணில் பிடிப்பே குறைவு. வளைவில் காரைச் சாய்க்கும் விசையும் அந்த அளவுக்குக் குறைவு. ஸ்பிரிங் மென்மையானால் எடை வெளிப்பக்கம் கூடுதலாகப் போகும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. வெளிப்பக்கம் மாறும் மொத்த எடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களின் அகலம், வளைவின் வேகம் ஆகியவைதான். ஸ்பிரிங்கும் பாரும் அதை முன்னுக்கும் பின்னுக்கும் எப்படிப் பங்கு போடுவது என்று மட்டும் முடிவு செய்கின்றன.

மண் என்பது ஒரே பரப்பு இல்லை

இரண்டாவது மண் ராலியில் முழு ஓட்டத்தையும் முடித்தோம். அதைவிட எனக்குப் பயன்பட்டது, ஒரே ஸ்டேஜைக் காலையிலும் மாலையிலும் இருமுறை ஓட்டியபோது கிடைத்த பதிவு.

காலையில் மேலே தளர்ந்த சரளை, அடியில் இறுகிய தரை. சக்கரம் மெல்லிய அசைவுகளில் ஆடுகிறது; பயணத்தின் நடுப்பகுதியைத் தாண்டுவதே அரிது. மாலைக்குள் முன்னால் போன கார்கள் சரளையை ஒதுக்கி, தரையைக் கிளறி, இரண்டு பள்ளத் தடம் வெட்டிவிட்டன; தடத்துக்குள் புதைந்திருந்த கற்கள் தலைகாட்டின. பிடிப்பு கூடியது, அடியும் கூடியது. காலையில் 115இல் 70 மி.மீ. அமுங்கிய இடத்தில் மாலையில் 104. வேகம் ஏறக்குறைய அதேதான். மதிய சர்வீஸில் நாங்கள் செய்தது இரண்டு மாற்றம்: 8 மி.மீ. உயர்த்தினோம், கம்ப்ரெஷனை, அதாவது டேம்பர் அமுங்கும்போது தரும் தடையை, இரண்டு கிளிக் இறுக்கினோம். உயர்த்தியபோது தொங்கல் 77 ஆனது. இந்த முறை அதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட்டேன்.

கிளிக் பற்றி ஓர் எச்சரிக்கை. எங்கள் விலைப் பிரிவில் இருக்கும் டேம்பர்களில் அந்தத் திருகு பெரும்பாலும் மெதுவான அசைவுக்கான எண்ணெய்த் துளையைத்தான் மாற்றுகிறது. பிரேக் பிடிக்கும்போது மூக்கு குனிவது, வளைவில் சாய்வது போன்றவை அதற்குக் கட்டுப்படும். நொடிக்கு 2.8 மீட்டரில் வரும் முகட்டு அடியைச் சமாளிப்பது உள்ளே இருக்கும் தகடுகள். வெளியே நின்று எத்தனை கிளிக் திருப்பினாலும் அவை அசைவதில்லை. கல் அடிக்கு மருந்து கிளிக்கில் இல்லை என்று தெரிந்தால் சர்வீஸ் நேரத்தில் பத்து நிமிடம் மிச்சம்.

ஃபின்லாந்தின் பாதைகளும் மண், கிரேக்கத்தின் அக்ரோபோலிஸ் ராலியும் மண். முன்னது இறுகிய, வழவழப்பான, அதிவேகப் பாதை. தாவல்கள் பெரியவை, இடைப்பட்ட தரை சமம். அங்கே காரைத் தாழ்வாகவும் சற்றுக் கடினமாகவும் வைக்கலாம். பின்னது பாறை. கென்யாவின் சஃபாரி ராலிக்கு, எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமலிருக்கக் காற்றுக்குழாயைக் கூரைவரை ஏற்றிக் கட்டுகிறார்கள். இத்தனைக்கும், உலக ராலியின் உச்ச வகைக் கார்களுக்கு 2022இல் வந்த ராலி1 விதிப்படி சக்கரத்தின் பயணம் அதிகபட்சம் 270 மி.மீ. என்று கட்டுப்படுத்தப்பட்டது. எல்லாப் பரப்புக்கும் அந்த எல்லைக்குள்தான் வழி தேட வேண்டும். ஸ்வீடனின் பனிக்கோ கணக்கே வேறு: ஒரு டயரில் 384 ஆணி, குறுகிய டயர், பனியைக் கிழித்து அடியில் உள்ள உறைபனியைக் கவ்வும். நாங்கள் பனியில் ஓட்டியதில்லை, அதனால் அதற்கு மேல் பேசப்போவதில்லை.

வெப்பத்தையும் குறிப்பிட வேண்டும். டேம்பர் விழுங்கும் ஆற்றல் எல்லாம் சூடாகத்தான் வெளியே வருகிறது. முதல் ராலியில் இரண்டாவது ஸ்டேஜ் முடிவில் பழைய முன் டேம்பரின் உடம்பு 121 டிகிரி காட்டியது, எண்ணெய் இளகியிருக்கும். புதிய செட் அதைவிட நீண்ட ஸ்டேஜின் முடிவில் 88 டிகிரியில் நின்றது. எண்ணெயின் அளவு கூடியது பாதிக் காரணம், பயணம் நீண்டு விசை குறைந்தது மீதி.

தாருக்குத் திரும்பியபோது

இரண்டு மாதம் கழித்துத் தார்ச்சாலை ராலி ஒன்று. பழைய 130 மி.மீ. செட்டைத் துடைத்து மாட்டினோம். கெட்டபழக்கமாக அதே 60 ஸ்பிரிங்கையும் போட்டேன். பயணப் பாதையைப் பார்வையிட்டு வந்த நேவிகேட்டரின் குறிப்பில் ஒட்டுப்போட்ட தார், ஓரம் சிதைந்த வளைவு, மழை என்று மூன்றும் இருந்தன. முன்னால் போகும் கார்கள் வளைவின் உள்ளோரத்தை வெட்டி ஓட்டுவதால் சேறும் கல்லும் தார் மேல் இழுபடும். பெயர்தான் தார்ச்சாலை, நடுப்பகலுக்குள் அது கலப்புப் பரப்பு.

இந்த முறை ஸ்பிரிங்கை மாற்றினோம், ஆனால் கீழ்நோக்கி: 60இலிருந்து 50. காரை 10 மி.மீ. மட்டும் உயர்த்தினோம்; 55 தொங்கல் 45 ஆனது, தாருக்கு அது போதும். ஆன்டி ரோல் பாரைக் கழற்றவில்லை, மெல்லியதாக மாற்றினோம். ரீபவுண்டை மூன்று கிளிக் திறந்தோம். மண்ணில் கற்றதில் தாருக்குக் கொண்டுவந்தது இந்த ரீபவுண்டைத்தான். ஒட்டுப்போட்ட தாரும் ஒரு வகை வரிமேடுதான். அங்கேயும் கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போவதைச் சென்சார் காட்டியது. இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் ஓடியிருக்கும். நாங்கள்தான் பார்க்கவில்லை.

எங்கள் பிரிவில் இருபது கார்களில் ஐந்தாவது இடம். அதற்கு சஸ்பென்ஷனுக்கு எவ்வளவு புகழ், மழையில் தடுமாறிய மற்றவர்களுக்கு எவ்வளவு என்று பிரிக்க என்னிடம் அளவுகோல் இல்லை.

தீராமல் இருப்பது பின்பக்கம். இறக்கத்தில் பலமாகப் பிரேக் பிடித்தால், மாலை நேரத்துப் பள்ளத் தடத்தில், பின்சக்கரம் இரண்டும் இன்னும் குதிக்கின்றன. பின்பக்க ஸ்பிரிங் ஒவ்வொன்றும் 195 கிலோதான் தாங்குகிறது. பிரேக் பிடித்தால் அதிலும் பாதி முன்னால் ஓடிவிடுகிறது. அந்த நேரத்தில் சக்கரத்தைக் கீழே தள்ள ஸ்பிரிங்கில் மிச்சமிருக்கும் விசை மிகக் குறைவு. பின்பக்க ரீபவுண்டை முழுக்கத் திறந்தும் சரியாகவில்லை. வால்வு மாற்றியபோது தகடுகளைத் தடிப்பாக வைத்துவிட்டேன் என்று சந்தேகம். அடுத்த வாரம் அதைப் பிரிக்கிறேன். ஓட்டுநர் நேற்றுத் தொலைபேசியில் கேட்டார்: பின்னால் கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் போட்டுப் பார்த்தால் என்ன?